இலையில் ஏறாத கீபோர்டு

எனக்கு வேலை போகப்போகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆயுத பூஜைக்கு இலை போட்டபோது என் கீபோர்டை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தார் முதலாளி. அதில்தான் தெரிந்தது.

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் போஸ்டரும் பிளக்சும் அடிக்கிற கடை. முதலாளியை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கடையில் ஆள் என்று எண்ணினால் அவரும் நானும்தான். காதணி விழா, ராயப்பன்பட்டி சர்ச் திருவிழா, எங்கள் ஓடைப்பட்டியில் திராட்சைப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள், எது வந்தாலும் எழுத்தடித்து, படம் வைத்து, அச்சில் எடுத்துக் கொடுப்பது நான். அண்ணன் ஆர்டர் பிடிப்பார், பேரம் பேசுவார், என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று "முடியப் போகுதாத்தா?" என்பார். திரையைப் பார்க்கவே மாட்டார், தட்டுகிற சத்தத்தை வைத்தே வேலை ஓடுகிறதா படுத்திருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடுவார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கை கெட்டுப்போனதும் அந்த நாற்காலியில்தான். முதலில் டீ கிளாஸ் நழுவியது. அப்புறம் ஜாக்கெட் ஊக்கு மாட்ட வரவில்லை. தலை பின்னும்போது வலது கை விரல்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. என் வீட்டுக்காரர், சும்மா இல்லாமல், நீ கீபோர்டைத் தட்டுறியா இல்ல களத்துல கதிர் அடிக்கிறியா என்று கேலி பேசினார். கிளாஸ் சுக்குநூறாக உடைந்த அன்றைக்குத்தான் பேச்சை நிறுத்திவிட்டுத் தேனிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, நரம்பு நசுங்குகிறது, டைப் அடிப்பதை விடுங்கள், விட முடியாது என்றால் அடிக்கிற விதத்தையாவது மாற்றுங்கள் என்றார். ஆபரேஷன் செய்தால் சரியாகுமா என்று கேட்டேன். செய்யலாம், அப்புறமும் இதே மாதிரி அடித்தால் திரும்பி வரும் என்றார். விடுவதாவது. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. எங்கள் தெருப் பெண்களோடு விடிகாலை ஜீப்பில் ஏறி ஏலக்காய் எடுக்கப் போகலாம் என்றால், கிளாசைப் பிடிக்க வராத கை காயைக் கிள்ளுமா?

விதத்தை மாற்றுவது என்றால் என்னவென்று அப்புறம்தான் தேடினேன். நான் கற்றுக்கொண்டது டைப்ரைட்டிங் கிளாசில். யளனக என்று ஆரம்பிக்கிற வரிசை. அது இரும்பு மெஷினுக்குத் தோதாக வந்த வரிசை, மனுசி விரலுக்குத் தோதாக வந்தது இல்லை. புள்ளியா, சுண்டுவிரல். ஷிப்டா, அதற்கும் சுண்டுவிரல். இருப்பதிலேயே நோஞ்சான் விரலின் தலையில் ஊர்ப் பாரத்தையெல்லாம் ஏற்றிவைத்திருந்தார்கள். தமிழில் புள்ளி வைக்காமல் ஒரு வரி எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும்.

தமிழ் 99 என்று இன்னொரு வரிசை என் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தது. இத்தனை வருசமும் கீபோர்டு வரிசைகளின் பட்டியலில் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அதில் உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெல்லாம் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரு கை அடிக்கும்போது மறு கை அடுத்த எழுத்துக்குத் தயாராகும். அம்மா என்று அடிக்க வேண்டுமானால் மகரத்தை இரண்டு தரம் தட்டினால் போதும், நடுவில் உள்ள புள்ளி தானாகவே விழும். பாதிப் புள்ளிகள் அப்படியே தீர்ந்துவிடும். மீதியை இடது ஆள்காட்டி விரல் பார்த்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோசத்தில் இல்லை, இத்தனை நாள் என்ன இழவுக்குக் கையைப் பாழாக்கினோம் என்ற ஆத்திரத்தில்.

கூடவே ஆன்லைனில் ஒரு கீபோர்டு வாங்கினேன். நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் கூரை மாதிரிச் சரிந்திருக்கும். மணிக்கட்டை வளைக்காமல் கை வைக்கலாம். புது வரிசை எழுத்துகளை ஸ்டிக்கராக வெட்டி ஒட்டினேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, பஸ் சக்கரத்தில் மாட்டினதா என்று கேட்டார். அன்றிலிருந்து அதற்குக் கோணக் கீபோர்டு என்று பேராயிற்று.

வாங்கியது பெரிதில்லை, பழகியதுதான் சீரழிவு. மூளை ஓர் எழுத்தைச் சொன்னால் விரல் பழைய இடத்துக்கு ஓடும். இழுத்துக்கொண்டு வந்து புது இடத்தில் வைத்தால் அடுத்த எழுத்து மறந்துபோகும். கொஞ்ச நாளில் புதுசும் வரவில்லை, பழசும் தடுமாற ஆரம்பித்தது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்ற கதைதான். கை வலி என்னவோ குறைந்துகொண்டே வந்தது, ஆனால் வேலையும் குறைந்துகொண்டே வந்தது. காதணி விழாக்காரர்கள் என் மேஜையைச் சுற்றி நின்று, இந்தம்மா இன்னிக்கித்தான் வேலைக்குச் சேர்ந்தாகளா என்று அண்ணனிடம் கேட்டார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அண்ணன் பொறுத்துப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆயுத பூஜை வரைக்கும் பார்க்கிறேன், அதற்குள் கை ஓடணும், இல்லாவிட்டால் பழசுக்கே வந்துவிடு என்றார். பழசுக்குப் போனால் கை போகும், புதுசில் நின்றால் வேலை போகும். இரண்டில் எதைச் சொன்னாலும் நட்டம் எனக்குத்தான். உரிந்து வந்த ஸ்டிக்கர் ஒன்றை நகத்தால் அழுத்தி ஒட்டினேன். அந்த வாரம் கம்பத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழில் விழுகிற மாதிரி அடிக்குமாம், படுவேகமாம்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கடைப் பூஜையில் அண்ணன் வைத்த சட்டம் ஒன்று உண்டு. தூக்கிக் கொண்டுவர முடிந்ததெல்லாம் வாழையிலையில் ஏறும். கீபோர்டு, கத்திரி, அளவுகோல், பிளக்ஸ் வெட்டுகிற கத்தி. இலையில் ஏறியதை மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து எடுக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. பிரிண்டரைத் தூக்க முடியாது, அது நின்ற இடத்திலேயே பொட்டும் மாலையும் வாங்கிக்கொள்ளும். மவுசை அவர் இலையில் ஏற்றியதே இல்லை. அது பிள்ளையார் வண்டி, அவருக்கு எந்நேரம் தேவைப்படுமோ என்பார்.

நான் மேஜையைத் துடைத்து, என் கீபோர்டை ஒயரைச் சுற்றி இலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். பரணில் கிடந்த பழைய நேர் கீபோர்டையும் அண்ணன் கழுவாத குறையாகத் துடைத்துக் கொண்டுவந்தார். அதை இலையில் வைத்தார். அவருடைய பில் போடுகிற கீபோர்டையும் வைத்தார். என்னுடையதை ஒரு விரலால் தள்ளினார்.

"அது எதுக்குத்தா இலையில? இங்கன இருக்கப் போற சாமானா?"

அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. தீபாராதனைத் தட்டை எடுக்கத் திரும்பிவிட்டார். வேலைக்கு வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாமி முன்னால் வைத்துச் சொல்லிவிட்டார், அங்கே எப்படிக் கத்துவது? கீபோர்டைத் துணிப்பைக்குள் போட்டேன். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பொங்கலையும் சுண்டலையும் கொடுத்தார், வாங்கினேன்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் திரும்பினேன். அப்போதுதான் அண்ணனுக்குப் போன் வந்தது. இரண்டு வார்த்தை கேட்டார். மூன்றாவதுக்கு அவர் கால் தானாகவே பின்னால் போனது. பூஜையைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வாசற்படி தாண்டித் தெருவில் போய் நின்றார்.

கூடலூரில் இருந்த அவருடைய பெரியப்பா மகன் இறந்துவிட்டார். தேனி ஆஸ்பத்திரியில் இருந்தவர், தேறிவிட்டார் என்று நினைத்திருந்தார்கள். பங்காளி சாவு, அண்ணனுக்குத் தீட்டு. இனி அந்த இலைப் பக்கம் அவர் போக முடியாது. மறுநாள் சனிக்கிழமை. சனிப் பிணம் துணை தேடும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் அன்றைக்கு எடுக்க மாட்டார்கள். அதனால் அந்த வெள்ளிக்கிழமையே பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும்.

செத்தவரின் மூத்த மகன்தான் போனில். அழுகைக்கு நடுவில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. சித்தப்பா, போஸ்டர் கொண்டாந்துருங்க.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு பெரிய விசயமா என்று இருக்கும். எங்கள் பள்ளத்தாக்கில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இல்லாமல் ஒரு பாடை தெருவைத் தாண்டாது. பிள்ளைகள், மருமக்கள், பங்காளிகள், மாமன் மச்சான் என்று முறைப்படி பேர் வர வேண்டும். ஒருத்தர் விட்டுப்போனால் கருமாதி வரைக்கும் பேச்சு ஓயாது. ஊர்ச் சாவுக்கெல்லாம் போஸ்டர் அடிக்கிற மனுசன், சொந்தப் பங்காளிக்கு அடிக்கவில்லை என்றால் அப்புறம் கூடலூர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அண்ணன் தெருவில் நின்றபடியே தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டார். உத்தமபாளையம், கம்பம், போடி. பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்களும் பூசையில வச்சாச்சுண்ணே என்றார்கள். போனில் தானே அடித்துப் பார்த்தார். ஒற்றை விரலால் முதல் பேரை முடிப்பதற்குள் மூன்று தரம் அழித்தார். நான் படியில் பையோடு நின்றேன். ஜீப் ஒன்று சந்து முனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது, கூடலூருக்கு அவரைக் கூட்டிப்போக வந்த வண்டி.

வேணும்னா நான் இலையிலிருந்து எடுத்துத் தரவா, எனக்குத் தீட்டு இல்லையே என்று கேட்டேன். தலையை வேகமாக ஆட்டினார். கும்பிட்ட ஈரம் காய்வதற்குள் கையை வைத்தால் தொழில் விளங்காது என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல், சாக்கடையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"உங் கீபோர்டு பையிலதானத்தா இருக்கு?"

என் வாய் சும்மா இருக்கவில்லை. "இருக்குண்ணே. ஆனா அது இங்கன இருக்கப் போற சாமான் இல்லையே."

அவர் முகம் சுருங்கிப்போனது. ஜீப்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான். "செத்தவருக்காக அடிச்சுக் குடு ஆத்தா. எனக்காக வேணாம்."

உள்ளே போனேன். பொட்டு வைத்த பிரிண்டரை ஓட்டலாமா என்று வாசலைப் பார்த்துக் கேட்டேன். பொட்டு வச்ச ஜீப்பு ஓடலையா, ஓட்டு என்று வெளியிலிருந்து குரல் வந்தது. மாலையை மட்டும் கழற்றி ஆணியில் மாட்டினேன். கோணக் கீபோர்டைச் சொருகினேன். அண்ணன் சொன்ன நம்பரில் மூத்த மகனைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்தேன்.

வாசலைப் பார்த்து ஒன்று சொன்னேன். "எங் கையப் பாத்துக்கிட்டு நிக்காதீகண்ணே." அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

பயம் என்றால் அன்றைக்குத்தான் பயம். புது வரிசையில் நான் அதுவரைக்கும் அவசர வேலை எதுவும் முடித்தது கிடையாது. இதில் தடுமாறினால் வேலை மட்டுமா போகும், ஒரு சாவு வீட்டின் வயிற்றெரிச்சலையும் கட்டிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் வரிசைப் பட்டியலைத் திறந்தேன். பழைய வரிசையும் அங்கேயே இருந்தது. தெரிந்த பேய். அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். எனக்கு என்ன வீராப்பு, போஸ்டர் போனால் போதும்.

கண்ணீர் என்று அடித்தேன். அஞ்சலி என்று அடித்தேன். அதற்கே கை திணறியது. செத்தவர் பேரும், அதற்கு முன்னால் அவர் அப்பா பேரும் வந்தன. சுண்டுவிரல் புள்ளிக்கு எட்டி எட்டிப் போனது. நாலாவது தரம் எட்டியபோது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் மின்சாரம் மாதிரி ஓடியது. கையை உதறினேன். விரல் மரத்துவிட்டது. போனில் மூத்த மகன், அக்கா அடிச்சிட்டீகளா என்கிறார். தட்டுகிற சத்தம் நின்றதைக் கேட்டு வாசலில் அண்ணனின் தோள் விறைக்கிறது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்த டைப்ரைட்டிங் மெஷின் மேலா, அண்ணன் மேலா, இன்னும் பழசையே பிடித்துத் தொங்குகிற என் மேலா. பட்டியலைத் திறந்து மாற்றினேன். ஆனது ஆகட்டும்.

சொல்லுங்க தம்பி என்றேன்.

அவர் தன் பேரைச் சொன்னார். மெதுவாகத்தான் போனது. தம்பி பேரைச் சொன்னார். தங்கச்சி பேர், தங்கச்சி மாப்பிள்ளை பேர். அந்த மாப்பிள்ளை போன வருசம் சண்டை போட்டுப் போனவராம், போடலாமா வேண்டாமா என்று அழுதுகொண்டே என்னைக் கேட்டார். போடுங்க, சாவுக்கு என்ன சண்டை என்றேன். சொல்லும்போதே அடித்துவிட்டிருந்தேன். அடித்த பிறகுதான் கவனித்தேன், நான் கீபோர்டைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் கைகள் என்னைக் கேட்கவில்லை. இடது, வலது, வலது, இடது. அவர் பேரன் பேத்திகளுக்கு வந்தார், பங்காளிகளுக்கு வந்தார், அண்ணனின் பேரும் அதில் வந்தது. மாமன் மச்சான் வரிசையில் ஒரு பேர் நினைவுக்கு வராமல் நிறுத்தினார். அந்தப் பக்கம் யாரிடமோ கேட்கிற சத்தம், பின்னால் கொட்டுச் சத்தம். நான் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அத்தனை வாரமும் எனக்காக எல்லோரும் காத்துக் கிடந்தார்கள். முதல் தரமாக நான் இன்னொருத்தருக்காகக் காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். ஆனால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூத்த மகன் போனில் அனுப்பிய படத்தை வைத்தேன், அச்சு ஓடியது. பிரிண்டரில் சந்தனம் காயாமல் இருந்ததால் முதல் தாளின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் பட்டது, அதைத் தள்ளி வைத்தேன். மீதியைக் கட்டி வாசலுக்குக் கொண்டுபோய் ஜீப்பின் பின் சீட்டில் வைத்தேன். அண்ணன் கட்டின் மேல் தாளைப் பார்த்தார், செத்தவர் பேரில் விரலை வைத்தார். அழுதார். வெயில் இன்னும் இருந்தது. கடையைப் பூட்டி நான் படியில் வைத்த சாவியை எடுத்துக்கொண்டு, போய்ட்டு வாறேன்த்தா என்று மட்டும் சொல்லி ஏறிக்கொண்டார்.

வேலை இருக்கிறதா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாவுக்குப் போகிறவரிடம் அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று இரண்டு தரம் கேட்டார். தெரியலை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

மறுநாள் காலையில் அண்ணனே போன் செய்தார். இலையை எடுக்க வேண்டும், நல்ல நேரம் போகிறது, எனக்குத் தீட்டு, நீ வா என்றார். போனேன். மழிக்காத முகத்தோடு தெருவில் நின்றிருந்தார். சாவியை என் கையில் தரவில்லை, படியில் வைத்தார், நான் எடுத்துத் திறந்தேன். விளக்கு அணைந்திருந்தது. இலை வாடிச் சுருண்டிருந்தது. அதில் அந்த இரண்டு நேர் கீபோர்டும் பொட்டோடு கிடந்தன. கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டேன். கையை நீட்டியபோது அண்ணன் வெளியிலிருந்து பேசினார்.

"கம்பத்துப் பிள்ளைய வர வேணாம்னு சொல்லிட்டேன்த்தா."

நான் திரும்பவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை அவருக்குக் காட்ட எனக்கு இஷ்டம் இல்லை.

"இலைய இன்னும் எடுக்கலைல்ல? அப்ப அதையும் ஒரு நிமிசம் வச்சுக் கும்பிட்டு எடுத்துரு. நேத்து நான் வைக்காம விட்டது தப்பு."

துணிப்பை தோளில்தான் தொங்கியது. எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? நேற்று மத்தியானம் இந்த இலையில் ஓர் ஓரம் கிடைத்திருந்தால் நான் அவர் காலில்கூட விழுந்திருப்பேன்.

"வேணாம்ண்ணே," என்றேன். "அது நேத்தே வேலை பாத்துருச்சு."

நேர் கீபோர்டுகளை இலையிலிருந்து எடுத்து, ஈரத் துணியால் சந்தனத்தைத் துடைத்தேன். ஒன்றை அவருடைய பில் மேஜையில் வைத்தேன். இன்னொன்றைப் பரணில் ஏற்றினேன். என்னுடையதைப் பையிலிருந்து எடுத்துச் சொருகிவிட்டு, வாசலில் நின்ற அண்ணனிடம் அடுத்த ஆர்டர் என்னவென்று கேட்டேன்.